மலைநாட்டுக் குடியானவரும் குதிரைசக்தி மிகுந்த சரக்கு வண்டியும்

விளைவிப்பது விவசாயத்தின் ஒரு பாதி; விளைந்ததை வாடாமலும் நசுங்காமலும் வேளை தவறாமலும் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறு பாதி. முன்னாளில் இம்மறு பாதியைக் கட்டை வண்டியும் பொதிமாடும் செய்து வந்தன. பின்னர் வாடகை லாரி வந்தது. 2005-ஆம் ஆண்டில், ஜனங்கள் ‘குட்டி யானை’ என்று செல்லமாய் அழைக்கும் சிறு டீசல் வண்டி வெளிவந்த பிறகு, குடியானவர் தாமே சரக்கு வண்டிக்குச் சொந்தக்காரராவது சாத்தியமாயிற்று. இப்பொழுதோ அதனினும் பன்மடங்கு வலிமையுள்ள எஞ்சின்களோடு, ஒன்றரை டன் வரையில் சுமக்கும் வண்டிகள் கிராமந்தோறும் வந்து நிற்கின்றன. இவற்றை வாங்குவது உசிதமா, வாங்கினால் எவ்வாறு வைத்து ஆள்வது என்பது பற்றிக் கீழ்ப்பழனி மலைச் சாரலில் இத்தகைய வண்டியொன்றை ஓராண்டுக்கு மேலாக வைத்திருப்பவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன். வலிமையான எஞ்சின் மலைப்பாதைக்கு அவசியமே. ஆனால் அவ்வலிமையைக் கொண்டு நாம் செய்யும் காரியங்களிற் சில, பொருளுக்கும் உயிருக்கும் கேடு விளைப்பன என்பதே அவ்வபிப்பிராயத்தின் சாரம்.

குதிரைசக்தியின் கணக்கு

ஓர் ஏர் மாடு தொடர்ந்து உழைக்கையில் தரும் சக்தி ஏறக்குறைய ஒரு குதிரைசக்தியாகும். 2005-ல் வந்த சிறு வண்டியின் எஞ்சினுக்கு 16 குதிரைசக்தி. இன்று விற்கும் பெரிய வண்டிகளில் 75 குதிரைசக்தியும் அதற்கு மேலும் உண்டு. இத்தனையும் நமக்கு வேண்டுமா?

வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன் எடை என்று கொள்வோம். நூறு அடி செல்லுகையில் ஆறு அடி உயரும் ஏற்றத்தில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் சுமார் 25 குதிரைசக்தி போதும். ஒன்றரை டன் மொத்த எடையுள்ள சிறு வண்டிக்கு அதே ஏற்றத்தில் அதே வேகத்துக்கு இதிற் பாதி வேண்டும். அதன் எஞ்சினோ கொடுப்பது முழுவதும் 16 தான். அதிலும் பற்சக்கரங்களில் தேய்வது போக மிஞ்சுவது அற்பம். ஆகவே அது முதல் கியரில் திணறிக்கொண்டு ஏறுவதில் ஆச்சரியமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றம் இன்னும் கடுமையாகும். இவ்விடங்களில் நின்று பின்னடையாமல் ஏறுவதற்குப் பெரிய எஞ்சின் தரும் தைரியம் மெய்யானது. அதை நான் அனுபவத்தில் அறிந்திருக்கிறேன்.

ஆனால் மேற்படி கணக்கினின்று மற்றொன்றும் விளங்குகிறது. 75 குதிரைசக்தியில் மலையேற்றத்துக்கு நாம் உபயோகிப்பது மூன்றில் ஒரு பங்கும் சற்று மேலுமே. மீதியை எங்கே செலவிடுகிறோம்? ஒன்று, சமவெளிச் சாலையில் வேகமாய் ஓட்டுவதில். மற்றொன்று, அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதில். வேகம் இரட்டித்தால், பிரேக்குப் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. எஞ்சினின் வலிமையைக் கண்டு மகிழ்பவர் இந்த நான்கு மடங்கையும் நினைவில் வைப்பது நலம்.

ஏறுவதற்கு எஞ்சின், இறங்குவதற்கு நிதானம்

மலைநாட்டு விவசாயத்தில் சுமை செல்லும் திசை கீழ்நோக்கியது. மலை வாழைத்தாரும், சௌசௌவும், காப்பியும், மிளகும் கீழே இறங்குகின்றன. கொடைக்கானல் மேல்மலையிலிருந்து காரட்டும் உருளைக்கிழங்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் மதுரைக்கும், மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கும் இறங்குகின்றன. திரும்பி ஏறுகையில் வண்டி பெரும்பாலும் காலி. அல்லது எருவும் சில மூட்டை உரமும் இருக்கும். ஆகவே முழுப் பாரத்தோடு வண்டி படும் பாடு ஏற்றத்திலன்று, இறக்கத்திலே என்பதை வண்டி வாங்குவோரிற் பலர் கவனிப்பதில்லை. எஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்று கேட்பவர் பத்துப் பேரானால், பிரேக்கு எப்படி என்று கேட்பவர் ஒருவர் கூட இல்லை.

3 டன் எடை ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமானால், அது ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். டயரின் உருளுதலும் காற்றின் தடையும் விழுங்கியது போக, மற்றதனைத்தும் பிரேக்கும் எஞ்சினுமே தாங்கவேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, முடிவில் மிதித்தும் பிடிக்காத நிலை உண்டாகும். கருகல் வாசனை வீசுவது அதற்கு முன்னறிவிப்பாகும். ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பது மலைச் சாரதிகளின் பழைய விதி. பெரிய எஞ்சின் வந்துவிட்டதால் அவ்விதி பழமையாகிவிடவில்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை விடுவித்து இறங்குவது வீண் சிக்கனம். இக்கால எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் இறக்கத்தில் டீசல் பாய்வது தானே நின்றுவிடுகிறது. எனவே கியரில் இறங்குவதே பத்திரமும் சிக்கனமும் ஆகும்.

லாபநஷ்டம்

சொந்த வண்டியினால் விளையும் நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. மாலையில் வெட்டிய தாரை இரவே ஏற்றிச் சந்தை கூடும் முன்னர் சேர்ப்பிக்கலாம். வாடகை வண்டிக்காரரின் வசதிக்காகக் காத்திருந்து சரக்கு வெயிலில் வாடுவதில்லை. ஒரு சந்தையில் விலை சரிந்திருந்தால் மற்றொன்றை நாடலாம். உழவர் சந்தையிலும் நேரே கொண்டுபோய் விற்கலாம். 1999-ஆம் ஆண்டில் உழவர் சந்தைகள் தோன்றியபோது உத்தேசித்த நன்மை, தன் சரக்கைத் தானே வேளையில் கொண்டுவரக்கூடிய குடியானவருக்கே முற்றும் கிட்டும்.

எனினும் கணக்கைப் பார்த்தே இறங்கவேண்டும். உதாரணமாக, 10 லட்ச ரூபாய் கடனை 10 சதவிகித வட்டியில் 60 மாதத் தவணையாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 21,250 ரூபாய். வண்டி ஓடினாலும் நின்றாலும் நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல் இதற்கே ஆகிறது. வாரத்துக்கு மூன்று நடை என்று மாதம் பதின்மூன்று நடை போனால், ஒரு நடைக்குத் தவணை மட்டும் 1,635 ரூபாய் விழும். மாதம் நான்கே நடைக்குச் சரக்கு உள்ளவருக்கு ஒரு நடைக்கு 5,300 ரூபாய்க்கு மேல் விழும். டீசல், சாரதி கூலி, டயர், இன்ஷியூரன்ஸ், வரி யாவும் இதற்கு மேற்பட்டவை. அவரவர் ஊரில் வாடகை வண்டி என்ன கேட்கிறது என்பதை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கட்டவேண்டும். அறுவடை ஆண்டு முழுவதும் பரவியிராத பயிர்க்காரர்கள், விளைவற்ற மாதங்களிலும் தவணை கட்டவேண்டியிருப்பதை விசேஷமாய் யோசிக்கவேண்டும்.

புகைவடியும் யூரியாவும்

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாடு நாடெங்கும் அமலில் இருக்கிறது. அதன்படி வரும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டி ஒன்றுண்டு. அதில் சேர்ந்த கரி எரிந்து சாம்பலாக வேண்டுமானால், புகை மிக்க சூடாயிருத்தல் அவசியம். தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே இரண்டு மூன்று மைல் மட்டும் மெதுவாய் ஓட்டிவந்தால் அச்சூடு ஏறாது; வடிகட்டி அடைத்துக்கொள்ளும்; விளக்கெரிந்து எச்சரிக்கும்; அதையும் மதியாவிடில் எஞ்சின் தானே வலிமையைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு விற்றவர்கள் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விளக்கெரிந்த பிறகே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வாரத்துக்கு ஒரு முறையேனும் அரைமணி நேரம் நல்ல சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுவது இதற்குப் பரிகாரம். சில்லறை நடைகளுக்கு இத்தகைய வண்டி ஏற்றதன்று என்பதும் இதனாற் புலனாகும்.

சில வண்டிகளில் புகையைச் சுத்தி செய்ய யூரியாக் கரைசலும் வேண்டும். அது 32.5 சதவிகிதம் மிகத் தூய யூரியாவும் மீதி தூய நீரும் கலந்தது. நம் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும் யூரியாவைக் கரைத்து ஊற்றினாலென்ன என்று எண்ணுவோர் உண்டு. பயிருக்கு வரும் யூரியா 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதைக் கரைத்து ஊற்றினால் விலையுயர்ந்த உறுப்புக்கள் அடைத்துக் கெடும். அன்றியும் மானிய உரத்தைப் பயிருக்கன்றி வேறு காரியத்துக்குத் திருப்புவது சட்டப்படி குற்றமாகும்.

பாரமும் சட்டமும்

மொத்த எடை 3,000 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெர்மிட்டு வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டால் வேண்டும். ஆகவே விலையை விசாரிக்கும்போதே மொத்த எடையையும் விசாரிக்கவேண்டும். 7,500 கிலோகிராமுக்குட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது நமக்குப் பெரிய சௌகரியமாகும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாலோ, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. எஞ்சின் இழுக்கிறதே என்று ஏற்றுகிறோம். அதன் அச்சும், வில்லும், டயரும், பிரேக்கும் இழுப்பதற்கு ஏற்பட்டவையல்ல, தாங்குவதற்கு ஏற்பட்டவை என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆட்களை ஏற்றுதல்

இக்கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுவே. அதிகாலையில் எந்தக் கிராமச் சாலையில் நின்று பார்த்தாலும், களையெடுக்கவும் காய் பறிக்கவும் செல்லும் பெண்கள் இருபது முப்பது பேர் சரக்கு வண்டியின் பின்புறத்தில் நெருங்கி நின்றுகொண்டு போவதைக் காணலாம். ஆள் பஞ்சமுள்ள காலத்தில் வண்டி அனுப்பினாலன்றி ஆள் வருவதில்லை என்பது உண்மை. பஸ் வசதியற்ற தோட்டங்கள் மலையில் அநேகம் என்பதும் உண்மை. ஆயினும் சரக்குத் தட்டில் உட்காரும் பலகையில்லை, பிடிக்கக் கம்பியில்லை. மூட்டை அடுக்கினால் எடை அடித்தட்டில் அடங்கிக் கிடக்கும். மனிதர் நின்றால் எடை மேலே உயர்கிறது. வளைவில் எல்லோரும் ஒரு பக்கமாய்ச் சாய்கிறார்கள். அச்சாய்வே வண்டியைக் கவிழ்க்கப் போதும். கவிழ்ந்தால் அவர்களைக் காப்பதற்கு ஒன்றுமில்லை. எஞ்சின் வலுக்க வலுக்க, இப்பயணத்தின் வேகமும் வலுக்கிறது.

சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ அல்லாமல் சரக்கு வண்டியில் ஏறிச் செல்பவர்களுக்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-லேயே தீர்ப்பளித்தது. சில வழக்குகளில் கம்பெனி முதலில் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தாலும், அதை வண்டிக்காரரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்கிறது. ஒரே ஒரு காலைப் பயணத்தில் கூலிக்காரர் குடும்பம் தாயை இழக்கலாம். வண்டிக்காரர் நிலத்தை இழக்கலாம். இதைவிடப் பெரிய நஷ்டம் எந்தச் சந்தையிலும் இல்லை.

செய்யத்தக்கது

தனித்தனியே கடன்பட்டு வாங்குவதைக் காட்டிலும், ஒரு வட்டாரத்துக் குடியானவர்கள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒரு வலிமையான சரக்கு வண்டியையும், ஆட்களை ஏற்றிச் செல்வதற்கென்றே இருக்கைகளோடு அமைந்த வேன் ஒன்றையும் வைத்துக்கொள்வதே என் யோசனை. நடைகள் பெருகப் பெருக ஒரு நடைக்கு விழும் தவணை குறைவதை மேலே கண்டோம். பலருடைய சரக்கு சேர்ந்தால் வண்டி நிரம்பியும் போகும். பலருடைய உரமும் எருவும் சேர்ந்தால் திரும்பும் வழியில் காலியாகவும் வராது. வடிகட்டி அடைப்பதற்கும் இடமிராது. ஆட்களும் அச்சமின்றி வேலைக்கு வருவார்கள். உழவு இயந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கும் நிலையங்களுக்கு இலாகா அளித்துவரும் ஆதரவை ஆட்கள் செல்லும் வேனுக்கும் விரிக்குமானால், அதனினும் பயனுள்ள உதவி மலைக் கிராமங்களுக்கு வேறில்லை என்பேன்.

அது கைகூடும் வரையில், சொந்த வண்டி உள்ளவர்கள் மூன்று நியமங்களைக் கைக்கொள்வார்களாக. முதலாவது, பதிவுச் சீட்டிற் கண்ட எடைக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றாதிருத்தல். இரண்டாவது, இரவெல்லாம் சந்தையில் விழித்த சாரதியை உறங்கவிடாமல் திரும்ப ஓட்டச் சொல்லாதிருத்தல். மூன்றாவது, சரக்குத் தட்டில் ஓர் ஆளையும் ஏற்றாதிருத்தல். இம்மூன்றுக்கும் செலவொன்றுமில்லை, சிறிது பொறுமையே வேண்டும். குதிரைசக்தியைக் காசு கொடுத்து வாங்கலாம். கடிவாளம் நம் கையிலேதான் இருக்கவேண்டும்.