அந்தச் சரிக்குறியை அடித்துவிட்டேன்

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக அமெரிக்க எல்லைப்புற வரலாற்றிலிருந்து ஒரு பத்தியை வகுப்பில் கொடுத்திருந்தேன். மாணவி ஒருத்தியின் தாளில் 'குளியல் கலவரம்' என்று இருந்தது. ஆங்கில வரலாற்று நூல்களில் வழங்கும் பெயரை அப்படியே தமிழாக்கியிருந்தாள். பிழை ஒன்றும் கண்ணில் படவில்லை. சரி என்று குறி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். தமிழில் முனைவர் பட்டம் பெற்று, பெண் உடலைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிற நான்தான் அதைச் செய்தேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1917 ஜனவரி 28, ஞாயிறு காலை. மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டெக்சாசின் எல் பாசோவுக்குப் போகும் டிராமில் கார்மெலிட்டா டோரெஸ் இருந்தாள். வயது 17. எல் பாசோ வீடுகளில் வேலை செய்கிறவள். டிராமில் இருந்த பெண்கள் பலருக்கும் அதுதான் பிழைப்பு. பாலத்தில் இறக்கி, குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் போகலாம் என்றார்கள் அதிகாரிகள்.

குளியல் என்றால் நம் கிணற்றடிக் குளியலை நினைத்துக்கொள்ளாதீர்கள். உடுத்தியிருக்கும் அத்தனையையும் கழற்றிக் கொடுக்க வேண்டும். துணிகள் நீராவிக்குப் போகும். அம்மணமாக நின்று பேன் சோதனை. பேன் இருந்தால் ஆணுக்கு மொட்டை. பெண்ணின் தலையில் மண்ணெண்ணெயும் காடியும். உடம்புக்கு மண்ணெண்ணெய் கலந்த சோப்பு நீர். முடிந்ததும் ஒரு சான்றுச் சீட்டு தருவார்கள். அது ஒரு வாரம்தான் செல்லும். அடுத்த வாரம் மறுபடி கழற்ற வேண்டும். உள்ளே நிர்வாணமாகப் படமெடுத்து மதுக்கடையில் ஒட்டுகிறார்கள் என்ற பேச்சும் பெண்களிடையே இருந்தது. முந்தைய ஆண்டு மார்ச்சில் எல் பாசோ சிறையில் கைதிகளை இப்படித்தான் எரிஎண்ணெயில் குளிப்பாட்டினார்கள். தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்தார்கள். அந்த வாடை பாலத்தில் வந்தபோது இவர்களுக்கு என்ன நினைவு வந்திருக்கும்?

கார்மெலிட்டா மாட்டேன் என்றாள். கூட வந்த முப்பது பேரையும் பேசி இறங்க வைத்தாள். ஒரு மணி நேரத்தில் இருநூறு பேர், மதியத்துக்குள் ஆயிரக்கணக்கில். தண்டவாளத்தில் படுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர்களின் கையிலிருந்த டிராம் பிடிகளைப் பிடுங்கினார்கள். எல் பாசோ ஊருக்குள் ஒரு வண்டி நகரவில்லை.

தண்டவாளத்தில் படுப்பதற்குத் தமிழில் பெயர் உண்டு: மறியல். மறி என்றால் தடு, வழியில் நில். கலவரம் போலீஸ் குறிப்பேட்டின் சொல். அதில் காரணம் இருக்காது, கோரிக்கை இருக்காது, கூட்டம் மட்டும்தான் இருக்கும். கல்லும் பாட்டிலும் வீசினார்களே என்பீர்கள். வீசினார்கள், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் முதல் கை யார் உடம்பின் மேல் விழுந்தது? 'கலகம் என்று போடுங்களேன், கம்பீரமாக இருக்கும்' என்றார் சக பேராசிரியர் ஒருவர். வேண்டாம். கலகம் நாம் கவிதையில் சூடிக்கொள்கிற பூ. அந்தப் பெண்கள் கேட்டது, துணியோடு வேலைக்குப் போய் வர.

டைஃபஸ் பேனால் பரவும் நோய். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் ரயிலில் முதல் வகுப்பில் வந்து இறங்கிய பயணிக்குப் பொதுவாக இந்தச் சோதனை கிடையாது. டிக்கெட் பார்த்தா பேன் ஏறுகிறது? பாலத்தில் அழுக்கு என்று முத்திரை குத்தப்பட்டவள் அரை மணி நேரத்தில் அதே ஊர்க்காரர்களின் துணியைத் துவைப்பாள், சோறு பொங்குவாள், அவர்கள் குழந்தையைக் குளிப்பாட்டுவாள். அந்தக் குளியலுக்கு அவளை நம்பினார்கள்.

மறுநாள் எல் பாசோ பத்திரிகை அவளை அமேசான் என்றது, கூந்தலின் நிறத்தையும் தலைப்பிலேயே போட்டது. அரசு பேன் பார்க்க நினைத்த தலையில் பத்திரிகை அழகு பார்த்தது.

அதே எல்லையில் லாரெடோ நகரத்து ஜோவிடா இடாரை நினைத்துக்கொள்கிறேன். 1911இல் மெக்சிகப் பெண்கள் சங்கத்தின் தலைவர். 1914இல் 'எல் ப்ரொக்ரெசோ' பத்திரிகையை மூட வந்த டெக்சாஸ் ரேஞ்சர்களை வாசலில் நின்று மறித்தவர். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பிறகு வந்து அச்சகத்தை உடைத்தார்கள். அவர் முகம் 2023இல் அமெரிக்க நாணயத்தில் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அவர் பத்திரிகைக் குடும்பத்தில் பிறந்தவர். தன்னைப் பற்றித் தானே எழுத முடிந்தவர். வேலைக்காரிக்கு ஏது அச்சகம்? கார்மெலிட்டாவைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு அவள் வரலாற்றில் இல்லை. மண்ணெண்ணெய்த் தொட்டி இருந்தது, பல பத்தாண்டுகள். 1950களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த மெக்சிக ஆண்களின் மேல் டிடிடி தூளை அடித்தார்கள். அவள் பெயர் போனது. அவள் செய்ததற்கு அவள் எதிரிகள் வைத்த பெயர் மட்டும் நின்றது. அதை நான் ஒரு சிவப்பு மையால் உறுதிப்படுத்தியிருக்கிறேன்.

தாளைத் திரும்ப வாங்கி என் குறியை அடித்தேன். மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை; தப்பு என்னுடையது. கலவரத்தை வெட்டி மறியல் என்று எழுதியதை அவள் பார்த்தாள்.

'அப்ப குளியல் மட்டும் சரியா மேடம்?' என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். 'மண்ணெண்ணெய் மறியல்' என்று எழுதினாள். ரேஷன் கடை நினைவு வந்து இருவருக்கும் சிரிப்பு. அதையும் அடித்தோம். அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறோம்.