மிக்ஸி என்றால் இலவசம், கம்பெனி என்றால் ஊக்கத்தொகையா?

"டிவி, மிக்ஸி, கிரைண்டருன்னு வாங்கி வச்சிக்கினு உக்காந்துட்டாளுங்க. இனிமே கழனிக்கு எவ வருவா?"

2012இல் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னது இது. அரசு இனாம் கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது என்று இன்று சமூக ஊடகங்களில் எழுதுகிறவர்களின் ஆங்கிலத்திலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. அவர்கள் கவலை அரசின் கஜானாவைப் பற்றியது அல்ல, கழனியைப் பற்றியது.

நான் வளர்ந்தது சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு காலனி. சின்ன வயதில் டிவி என்றால் ஊர்த்தெருவில் இரண்டு வீடுகளில்தான். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' போட்டால் ஊர்ப் பிள்ளைகள் கூடத்தில் உட்காருவார்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்போம். ஜன்னலைச் சாத்திவிட்டால் பாட்டு மட்டும் கேட்கும்.

2006இல் தி.மு.க. அரசின் 14 அங்குல கலர் டிவி வந்தது. அதன்பிறகு எங்கள் தெருப் பிள்ளை எதுவும் அந்த ஜன்னலுக்குப் போகவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் டிவி உள்ள வீடுகள் 2001இல் சுமார் 40 விழுக்காடு; 2011இல் 87. இந்தக் கணக்கில் எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றன என்று யாரும் எண்ணவில்லை.

2011இல் அ.தி.மு.க. அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. பகலெல்லாம் நடவு நட்டுவிட்டு வந்து, இருட்டில் அம்மியில் மிளகாய் அரைத்த என் அம்மாவுக்குத் தினமும் அரைமணி நேரம் மிச்சமானது. அவர் இடுப்புவலியைப் பார்த்தவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டார்கள்.

இந்தத் திட்டங்களை எதிர்த்த வழக்கை 2013இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2022இல் பிரதமரே இலவசங்களை 'ரேவடி' என்று கேலி பேசினார். அவரது அரசுதான் 2020இல் செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள் தயாரிப்புக்கு 40,951 கோடி ரூபாயும், 2021இல் ஏசி, எல்இடி தயாரிப்புக்கு 6,238 கோடி ரூபாயும் ஒதுக்கியது. அதன் பெயர் ஊக்கத்தொகை! கம்பெனிக்குக் கொடுத்தால் வளர்ச்சி, சேரிக்குக் கொடுத்தால் பிச்சை. இந்த அகராதியை எழுதியது பொருளாதாரமா, சாதியா?

டீக்கடைப் பெரியவர் கவலைப்பட்ட கழனிகளில் இன்று ஒரகடம் வரைக்கும் கம்பெனிகள் நிற்கின்றன. நிலம் எடுத்தபோது பட்டா வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. தலைமுறைகளாக அதில் சேற்றை மிதித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? எங்கள் பகுதியும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரெமென்ஹீர், பறையர்கள் நிலமின்றிக் கிடப்பதைப் பற்றி 1891இலேயே அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் அதற்குப் பிறகு வந்தது. வந்த நிலமும் எங்கள் கையில் நிற்கவில்லை.

இன்று எங்கள் வீட்டில் தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ் இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது. இதே சுங்குவார்சத்திரத்தில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யும் சாம்சங் தொழிலாளர்கள், சங்கம் வைக்கும் உரிமைக்காக 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. அதற்கு அவர்களுடைய பந்தலைப் பிரித்துப் போட்டது போலீஸ். அப்போது நடந்தது, எங்களுக்குக் கலர் டிவி கொடுத்த அதே கட்சியின் ஆட்சி. டிவி கொடுத்ததற்காக இதை மறக்க மாட்டோம்; இதற்காக டிவி வந்ததைக் கேவலமாகவும் பேச மாட்டோம்.

பொருள் வந்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஃபிரிட்ஜோடு வாடகை வீடு தேடிப் போனாலும், "ஊர்ல எந்தத் தெரு?" என்றுதான் இங்கே கேட்கிறார்கள். மிக்ஸி எங்கள் அம்மாக்களுக்கு அரைமணி நேரத்தை மீட்டுக் கொடுத்தது. நிலத்தையும் சங்கத்தையும் நாம்தான் மீட்க வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை யாராவது இலவச மிக்ஸியைப் பார்த்துச் சிரித்தால், அவர்கள் வீட்டில் அம்மி அரைத்தது யார் என்று கேளுங்கள்.