தன் குஞ்சுண்ணும் மீனும் நம் கடமையும்

அன்புகள் யாவற்றுள்ளும் தாயன்பே தலையாயது என்பது உலகம் ஒப்ப முடிந்த துணிபு. பருந்தைக் கண்ட கோழி தன் குஞ்சுகளைச் சிறகினுள் ஒடுக்கிக்கொள்கிறது; கன்றைப் பிரிந்த ஆ கொட்டிலில் நின்று கதறுகிறது. இவற்றைக் கண்டு பழகிய நமக்கு, தாயொன்று தான் ஈன்ற மகவைத் தானே விழுங்குகிறது என்னும் செய்தி நம்புதற்கரிதாகத் தோன்றும். நேரிற் காணின் நெஞ்சு பதறும். அப்பதற்றத்தை யாம் இவ்வாண்டில் எம் விடுதி அறையிலேயே உற்றோம். அதனால் எழுந்த எண்ணங்களை நண்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

யாமும் எம் அறைத்தோழர் இருவரும் பணம் கூட்டி ஒரு சிறு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். அழகு கருதி அடியில் வண்ணக் கற்களை மட்டும் பரப்பி, பாசியோ செடியோ இடாமல், சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து கொணர்ந்த கப்பி மீன்கள் எட்டினை அதில் விட்டோம். ஒருநாள் மாலை, வயிறு பருத்திருந்த பெண்மீனொன்று குஞ்சு ஈன்றது. கண்ணும் வாலுமே உடலாய், ஓர் அரிசி நீளம் உள்ள அவற்றை எண்ணினோம்; 23 இருந்தன. மகிழ்ந்து உறங்கினோம். விடியலில் நோக்கியபோது நான்கே எஞ்சியிருந்தன. அவற்றுள்ளும் ஒன்றை எம் கண்முன்னே தாய் பற்றி விழுங்கிற்று.

தோழருள் ஒருவர், “இப்பேயை இனி வைத்திருத்தலாகாது, சாக்கடையில் எறிந்துவிடுவோம்” என்றார். மற்றவர், “எறிவானேன்? தன் ஊனைத் தானே தின்றது பிழைக்குமோ? தானே நோயுற்றுச் சாகும்” என்றார். யாமோ, தமிழ் மாணவராகலின், ஐங்குறுநூற்று மருதத்தில் ஓரம்போகியார் காட்டும், தன் பார்ப்பைத் தின்னும் முதலையை நினைந்து, பழம்புலவரும் இதனை இழித்தே உரைத்தனர் என்று அவர்களுக்குத் துணைநின்றோம். மூவர் கூறியதும் பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

முதலாவது, இதனைக் கொடுமை எனலாமோ என்பதை ஆராய்வோம். கப்பி, தென்னமெரிக்காவின் வடகரைக்கும் அதனை அடுத்த திரினிடாட் தீவுக்கும் உரிய மீன். 1866-ஆம் ஆண்டில் அத்தீவிலிருந்து இதனை இலண்டன் பொருட்காட்சிச் சாலைக்கு அனுப்பிய கப்பி என்பாரின் பெயரே இதற்கு வழங்குகிறது. இது முட்டையிடாது, ஏறத்தாழத் திங்களுக்கொருமுறை குஞ்சுகளை உயிரோடு ஈனும். ஈன்றபின் பேணும் வழக்கமோ இதற்கு இல்லை. பிறந்த கணமே குஞ்சு நீந்தவும் இரை தேடவும் வல்லது. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டுமோ என்னும் பழமொழி இதற்கே மிகப் பொருந்தும். தன் கண்முன் துடித்தோடும் சிற்றுயிர் எதுவாயினும் அதற்கு அஃது இரையே.

நம் ஊர்களில் கிணற்றிலும் தொட்டியிலும் இம்மீனை விடுவர். எதற்கு? கொசுப்புழுவைத் தின்னுதற்கு. கொசுப்புழுவும் கப்பிக்குஞ்சும் அளவிலும் அசைவிலும் ஒன்றையொன்று ஒப்பன. முன்னதைத் தின்னுங்கால், “நம்மைக் காய்ச்சலினின்று காக்கும் நன்மீன்” என்று புகழ்கிறோம். பின்னதைத் தின்னுங்கால், “பேய்” என்று இகழ்கிறோம். வாய் ஒன்றே, பசியும் ஒன்றே. வேறுபட்டது நம் விருப்பம் மட்டுமே. அறமும் மறமும் அறிந்து ஒன்றைத் தேர்தற்குரிய உயிரையன்றோ கொடியது எனல் தகும்?

“எல்லா மீனும் இவ்வாறு செய்வதில்லையே, நம் குளத்து விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து உடன் திரிகிறதே” என்பார் உளர். உண்மையே. ஆயினும் காக்கும் மீனிடத்தும் உண்ணுதல் அறவே இல்லாமலில்லை. தேவதை மீன் எனப்படும் ஏஞ்சல் மீனிணை, பூஞ்சை பிடித்த முட்டைகளை வாயாற் பொறுக்கி அகற்றி, ஏனையவற்றைக் காக்கும். புதிதாக இணைந்தனவோ சிலபோது முட்டை முழுவதையுமே தின்றுவிடும். முட்டைகளைக் காத்து நிற்கும் தந்தைமீன், அவற்றுட் சிலவற்றை உண்டு பெறும் வலிமையால் எஞ்சியவற்றைக் காத்தல் கூடும் என்று 1978-ஆம் ஆண்டில் சீவர்ட் ரோவர் என்னும் அறிஞர் ஒரு கொள்கை வெளியிட்டார். ஆகவே, உண்ணுதலும் பேணுதலும் எப்போதும் ஒன்றற்கொன்று பகை எனல் இயலாது.

ஓடையிலும் கப்பி குஞ்சைத் தின்னும். ஆயின் ஆண்டுக் குஞ்சுக்கு ஓடுதற்கு இடமுண்டு. ஒளிதற்கு வேருண்டு, இலையுண்டு, ஆழமற்ற கரையுண்டு. எம் தொட்டியிலோ நாற்புறமும் கண்ணாடி. ஒளிய ஓர் இலைகூட இல்லை. தின்னும் இயல்பை யாம் படைக்கவில்லை. தப்பும் வழியை அடைத்தவர் யாமே. இதனை எண்ணியபோது எம் நாணம் பெரிதாயிற்று.

இடநெருக்கம் செய்வதை 1932-ஆம் ஆண்டில் பிரீடர், கோட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி நன்கு விளக்கும். அவர்கள் ஒரு தொட்டியில் சூலுற்ற கப்பி ஒன்றை மட்டும் விட்டனர். மற்றொன்றில் ஐம்பது மீன்களை விட்டனர். திங்கள் பல சென்றபின் நோக்க, ஒன்றிலிருந்து தொடங்கிய தொட்டியிலும் ஒன்பது. ஐம்பதிலிருந்து தொடங்கிய தொட்டியிலும் ஒன்பது! பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தியதில் குஞ்சுண்ணுதலே பெரும்பங்கு கொண்டது. நாம் அளந்து கொடுத்த சிறுநீரில் எத்துணை உயிர் வாழலாம் என்னும் கணக்கை மீன்கள் தம் வாயாலேயே போட்டுவிட்டன.

இனி, நோய் பற்றிய இரண்டாம் ஐயம். நலமுடைய குஞ்சைத் தின்பதனால் தாய்க்குக் கேடொன்றும் இல்லை. பிற ஊனுணவு போன்றே அதுவும் செரித்து உடற்கு உரமாகும். குஞ்சைத் தின்றதனாற் பித்தேறும் என்பதும், இரத்தச்சுவை பழகிப் பிற மீனைக் கொல்லும் என்பதும் வெறுங்கதைகள். செதில்கள் தூக்கி நிற்க வயிறு வீங்கிச் சாகும் மீன், பெரும்பாலும் கெட்ட நீரில் தளர்ந்து நோய்க்கிருமி பற்றியதனாற் சாவதேயன்றிக் குஞ்சைத் தின்ற பழியாற் சாவதன்று.

“தன்னினத்தைத் தின்ற மாட்டிற்கு மூளைநோய் வரவில்லையோ?” என்று கற்றார் சிலர் வினவினர். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அந்நோய், கால்நடைகளின் ஊனும் எலும்பும் அரைத்த தீவனத்தாற் பரவியது உண்மையே. ஆயின் அங்கும் கேட்டிற்குக் காரணம் தன்னினம் என்பதன்று. உண்ட ஊனில் நோய் இருந்ததே காரணம். அத்தகைய மூளைநோய் மீன்களிடத்து இயற்கையாகக் காணப்பட்டதும் இல்லை.

மெய்யான இடர் வேறு. பிணியுற்ற குஞ்சையும், இறந்து கிடக்கும் மீனையும் தின்பதனால் நோய் ஒன்றினின்று மற்றொன்றற்குத் தாவும். நியான் டெட்ரா மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் அவ்வாறே பரவும். மீன்களுக்கு வரும் காசநோயும் அவ்வழியிற் பரவவல்லது. அந்நோய் தரும் கிருமிகளுள் ஒன்றை 1926-ஆம் ஆண்டில் அரோன்சன் என்பார் பிலடெல்பியா மீன்காட்சிச் சாலையில் இறந்த மீன்களிடத்துக் கண்டு விளக்கினார். கையிற் புண்ணோ கீறலோ உள்ளவர் தொட்டி நீரில் கையிடின் அக்கிருமி மனிதனையும் பற்றும். தோலிற் கட்டிகள் எழும். பல வாரம், சிலபோது பல திங்கள், மருந்துண்ண நேரிடும். ஆதலின் இறந்த மீனை உடனே அகற்றலும், புண்ணுள்ள கையை நீரிலிடாமையும், தொட்டியைத் தொட்டபின் கைகழுவலும் இன்றியமையாதன. தாய்மீனைப் பழித்துக்கொண்டே செத்த மீனை மிதக்கவிட்டிருப்பவரே தம் தொட்டிக்கு நோய் வருவிப்பவர்.

அங்ஙனமாயின் நம் கடமை யாது? குஞ்சுகளைக் காக்க விரும்புவோர் தொட்டியில் வேலம்பாசி போன்ற நீர்ப்பூண்டுகளை அடர்த்தியாக இடுக. மீன்களுக்குக் காலத்தில் அளவாக இரையிடுக. ஈன்றபின் தாயை வேறு தொட்டிக்கு மாற்றுக. கடைகளில் விற்கும் சிறு ஈனுபெட்டியுள் சூல்மீனை நாட்கணக்கில் அடைத்தல் அதனை நலிவிப்பதாகலின், அதனை யாம் ஏற்கவில்லை.

ஈண்டுப் பலரும் நினையாத ஒரு வினா எழுகிறது. காத்த குஞ்சுகளை என்செய்வது? திங்கள்தோறும் இருபது முப்பது எனப் பெருகின், சிறு தொட்டி கழிவால் நஞ்சாகி அனைத்தும் மடியும். குளத்தில் விட்டுவிடலாம் என்பது மிகத் தவறு. அயல்நாட்டு மீனாகிய கப்பி, சென்ற நாடுகள் பலவற்றில் நீர்நிலைகளிற் பெருகி, ஆண்டுள்ள சிறுமீன்களுக்கு இடையூறு செய்கிறது. பெண்மீன், ஒருமுறை பெற்ற விந்தைத் தன்னுட் பல திங்கள் வைத்திருந்து மீண்டும் மீண்டும் சூலுறுமாதலால், ஆணைப் பின்னர்ப் பிரித்தலும் உடனே பயன்தராது. ஆகவே, வளர்த்தற்கு இடமில்லாதார் தொடக்கத்திலேயே ஆண்மீன்களை மட்டும் வாங்குவதே அறம் என்பது எம் கருத்து. வாழவைக்க இயலாத உயிரைப் பிறக்கச் செய்துவிட்டு, அதனைத் தின்ற தாயைத் திட்டுதல் அறமாகாது.

யாம் அம்மீனைச் சாக்கடையில் எறியவில்லை. பாசியிட்டோம், அடுத்த ஈற்றிற் பதினொரு குஞ்சுகள் பிழைத்தன, சில இரையாயின. பிழைத்தனவற்றை, வளர்ந்தபின், பெண்மீன்களோடு கொளத்தூர்க் கடைக்கே கொடுத்துவிட்டு, ஆண்மீன்கள் சிலவற்றையே வைத்திருக்கின்றோம்.

ஓரம்போகியாரின் பாட்டை அதன்பின் மீண்டும் படித்தோம். அவர் முதலையைக் காட்டியது முதலையைப் பழித்தற்கன்று. தன்னை நம்பிய தலைவியை வாடவிட்ட தலைவனின் அன்பின்மையைச் சுட்டுதற்கே. முதலை அவன் ஊர்ப் பொய்கையில் வாழ்வது. பழியோ அவனைச் சார்வது. இத்துணை நுட்பமான பாட்டை, ஒரு சிறுமீனை வைதற்குக் கருவியாக்கினோமே என்று நாணினோம். புலவர் விரல் நீட்டிய திசை அன்றும் மனிதனே. எம் தொட்டியின்முன் நின்று நோக்கின், இன்றும் அவனே. கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களே! அதனுள் நோக்குமுன், அக்கண்ணாடியில் தெரியும் நும் முகத்தையும் ஒருமுறை நோக்குமின்.