சங்கற்பமும் சாதனையும்

சித்திரை பிறந்தாலும் ஜனவரி பிறந்தாலும் நம்மவரிற் பலர் சங்கற்பம் செய்துகொள்ளத் தவறுவதில்லை. விடியற்காலையில் எழுவது, புகையிலையை விடுவது, கோபத்தை அடக்குவது, தினந்தோறும் நூல் வாசிப்பது என்று ஜாபிதா நீண்டுகொண்டே போகும். ஒரு பக்ஷம் கழிவதற்குள் அந்த ஜாபிதாவையே தேடவேண்டியதாகிறது. பொது ஊழியத்தில் இறங்கியவர்களும் இதற்கு விலக்கல்லர். மேடைமீது நின்று ஆயிரம் பேர் கேட்கப் பிரதிக்ஞை செய்கிறவர், அதன்பொருட்டு மறுநாட் காலையில் எந்தத் தெருவுக்குப் போவது, யாரைக் காண்பது என்று தீர்மானித்துக்கொள்வதில்லை. கைதட்டல் ஓய்ந்தவுடனே காரியமும் முடிந்துவிட்டதாக அவர் மனம் திருப்தியடைகிறது. இத்தகையோருக்கு மனவுறுதி போதாதென்று கடிந்துகொள்வது வழக்கம். குறைவாயிருப்பது ஏற்பாடு என்பதே நமது அபிப்பிராயம்.

ஏற்பாடு என்று நாம் சொல்வது எதுவென்பதற்கு அமெரிக்கப் பெரியார் பெஞ்ஜமின் பிராங்க்ளின் தக்க திருஷ்டாந்தம். பிலடெல்பியா நகரில் அச்சுத்தொழில் நடத்திவந்த வாலிபப் பிராயத்திலே, தம்மைக் குற்றமற்றவராக்கிக்கொள்ள வேண்டுமென்று அவர் உறுதி பூண்டார். மிதவுணவு, மௌனம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, நீதி முதலிய 13 குணங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாகச் சிறு புஸ்தகம் ஒன்று தைத்துக்கொண்டார். பக்கந்தோறும் சிவப்பு மையினால் வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டங்கள். அன்றன்று நேர்ந்த பிழைக்கு ஒரு கரும்புள்ளி. வாரத்திற்கு ஒரே குணத்தில் விசேஷக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். வருஷத்தில் நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாகவே, ஈரத்தால் துடைத்தெழுதக்கூடிய தந்தத் தகடுகளுக்குக் கணக்கை மாற்றிக்கொண்டார். ஓட்டை விழுமளவுக்கு அந்தப் புஸ்தகம் உபயோகப்பட்டதென்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பலன் யாது? தாம் நினைத்ததைக் காட்டிலும் தம்மிடம் குற்றங்கள் மிகுதியென்று கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒழுங்கு என்ற குணம் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. பிறர் வரும் நேரத்துக்கெல்லாம் இடங்கொடுக்க வேண்டிய தொழிலுடையவனுக்கு அது அரிதுதான். கட்சிக்காரர்களை உடைய எந்த வக்கீலும் இதை ஒப்புவார். ஆயினும் முயலாதிருந்தால் தாம் இருந்திருக்கக்கூடிய நிலையைவிட மேலான மனிதரானதாக, 1784-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கருகே பாஸியில் இருந்தபோது, முதுமையில் அவர் எழுதிவைத்தார்.

நிற்க. அவருடைய முதல் ஜாபிதாவில் இருந்தவை 12 குணங்களே. நண்பரொருவர், குவேக்கர் மதத்தவர், "உம்மைக் கர்வி என்று ஊரார் எண்ணுகின்றனர்" என்னும் கருத்துப்படச் சொல்லி அத்தாட்சிகளும் காட்டிய பிறகுதான் பணிவு 13-ஆவதாகச் சேர்ந்தது. அதுமுதல் "நிச்சயமாக", "சந்தேகமின்றி" போன்ற சொற்களை விவாதத்தில் விலக்கி, "எனக்குத் தோன்றுகிறபடி" என்று பேசப் பழகினார். பொதுச் சபைகளில் தமது சொல்லுக்கு மதிப்புண்டானதற்கு இதுவும் ஒரு காரணமென்று கருதினார். நமது வாலிபப் பேச்சாளர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது கைக்கொண்டால் கூட்டங்கள் பாதி நேரத்தில் முடியும்.

இன்னும் ஒன்று சொல்லாமல் விடலாகாது. நீதியைக் குறித்து வாரவாரம் புள்ளியிட்ட அதே மனிதர் பல ஆண்டுகள் தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை விற்பனை விளம்பரங்கள் அவர் நடத்திய பென்சில்வேனியா கெஜட் பத்திரிகையில் வெளிவந்தன. பத்திரிகை நடத்தும் நமக்கு இது உறுத்துகிற செய்தி. 13 பக்கங்களில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. சுற்றிலும் எல்லோரும் செய்வது பிழையாகத் தோன்றாது. தோன்றாத பிழைக்குப் புள்ளி விழாது. 1787-இல் அவர் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார், 1790 பிப்ரவரியில் அவர் கையொப்பமிட்ட மனு அமெரிக்கக் காங்கிரஸுக்குச் சென்றது, ஏப்ரலில் காலமானார். கர்வத்தைச் சுட்டிக்காட்ட ஒரு நண்பர் இருந்ததுபோல, இதைச் சுட்டிக்காட்டுகிறவரின் வார்த்தைக்கு அவர் முப்பது வருஷம் முன்னதாகச் செவிசாய்த்திருந்தால் எத்தனை ஜீவன்களுக்கு நலமாயிருக்கும்!

ஆகவே, தம் குறிக்கோளைத் தாமே வகுத்துத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்வதில் அபாயமுண்டு. நடந்த அடிகளைக் கைப்பேசி எண்ணித் தரும் இக்காலத்திலும் அந்த அபாயம் தீர்ந்துவிடவில்லை. ஜாபிதாவை எழுதியவுடன், நம்மைப் புகழ வேண்டிய அவசியமில்லாத ஒருவரிடம், முடிந்தால் நம் ஆதரவில் பிழைக்காத ஒருவரிடம், அதைக் காட்டி, விடுபட்டது எதுவென்று கேட்க வேண்டும். வீட்டிலுள்ள பெண்மக்களைக் கேட்டால் பதில் உடனே கிடைக்கும்.

ஊர்தோறும் உள்ள சங்கங்களின் காரியதரிசிகள் ஒரு வழக்கத்தை ஆரம்பிக்கலாமென்று நாம் யோசனை கூறுகிறோம். மாதக் கூட்டத்தில் புதிய தீர்மானம் எதையும் எடுத்துக்கொள்ளுமுன், சென்ற மாதத் தீர்மானங்களை வாசித்து, யார் எதை ஏற்றார், எவ்வளவு செய்தார் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் சில அங்கத்தினர்கள் வராமலிருக்கக்கூடும். அதையும் பதிவுப் புஸ்தகத்தில் குறித்துக்கொள்ளலாம்.