பழவேற்காடு என்ன டச்சுக்காரன் ஊரா?

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. நண்பனும் நானும் பைக்கை எடுத்துக்கிட்டு பொன்னேரி வழியா பழவேற்காடு போயிட்டு வந்தோம். கிளம்பறதுக்கு முன்னாடி நாலைஞ்சு பயணப் பதிவுகளைப் படிச்சேன். எல்லாத்துலயும் ஒரே பல்லவி. "சென்னைக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஹாலந்து"ன்னு தலைப்பு, கல்லறைத் தோட்ட வாசல்ல நிக்கிற ரெண்டு எலும்புக்கூடு சிற்பத்தோட போட்டோ, கடைசியில இறால் வறுவல். எழுதின மக்கள் கோச்சுக்காதீங்க, உங்க எல்லார் மேலயும் எனக்குக் கொஞ்சம் கடுப்பு இருக்கு.

டச்சுக்காரன் இங்கே ஊர் சுத்திப் பாக்க வரலை. மசாலாத் தீவுகள்ல கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கணும்னா அங்கே இருந்தவங்க கேட்டது நம்ம சோழமண்டலக் கரைத் துணியை. அதுக்காகத்தான் 1610ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர்கிட்ட அனுமதி வாங்கினான். 1613ல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. துணி எந்த அளவுக்குப் போச்சுன்னா, இன்னிக்கும் மலேசியாவுல கைலிக்குப் பேரு 'கைன் பெலிக்காட்'. பெலிக்காட்னா வேறெதுவும் இல்லை, இதே பழவேற்காடுதான். "குட்டி ஹாலந்து"ன்னு எழுதறவங்க யாராவது இதை எழுதியிருக்கீங்களா?

சரி, துணியோட நின்னுதா? 1621ல் ஜாதிக்காய்க்காக பண்டா தீவு மக்களைக் கொன்னும் விரட்டியும் தீர்த்துக் கட்டினாங்க. அப்புறம் அங்கே தோட்டத்துல வேலை செய்ய ஆள் வேணும், பட்டேவியாவுலயும் ஆள் வேணும். இங்கேயோ பஞ்சம். பெத்த பிள்ளையை வித்துச் சாப்பிட வேண்டிய நிலைமை. 1622-23ல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரி துறைமுகங்கள்லேர்ந்து 1,900 பேரை அடிமைகளா கப்பல் ஏத்தினாங்க. கையில காசு இருந்திருந்தா இன்னும் 2,000 பேர் வாங்கியிருக்கலாம்னு கம்பெனி அதிகாரிகள் புலம்பியிருக்காங்க! சரக்கு ஸ்டாக் ரிப்போர்ட் மாதிரி. மறுபடி 1659-61ல், தஞ்சைப் பக்கம் பிஜப்பூர் படை சூறையாடின நேரத்துல, நாகப்பட்டினம், பழவேற்காடு இங்கெல்லாம் வாங்கினது 8,000லேர்ந்து 10,000 பேர். பெரும்பாலும் இலங்கைக்கு.

"நம்மாளுங்களும்தானே வித்தாங்க, தரகு பாத்தாங்க"ன்னு ஒருத்தர் கட்டாயம் பின்னூட்டம் போடுவார். ஆமாங்க, பாத்தாங்க. அதையும் சேர்த்து எழுதுங்கன்னுதான் சொல்றேன். கல்லறையில படுத்திருக்கிற டச்சு வியாபாரிக்குப் பேர் செதுக்கின கல் இருக்கு, அதைத் தொல்லியல் துறை பாதுகாக்குது. நல்ல விஷயம், இடிக்கச் சொல்லலை. கப்பல்ல போன 1,900 பேர்ல ஒருத்தர் பேராவது உங்களுக்கோ எனக்கோ தெரியுமா?

போட்காரர் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னா சார், கல்லறை பாத்துட்டீங்களா?" அவர் கட்டியிருந்ததும் கைலிதான். ஏரியில எந்த இடத்துல யார் வலை போடணும்கிறதைப் பத்திக் கேட்டேன், மனுஷன் அரை மணி நேரம் விடாமப் பேசினார். அதுக்குப் பேரு பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம்னு உரிமை உள்ள ஊர்க்காரங்க சீட்டுப் போட்டு முறை வச்சு இறாலுக்கு சுத்து வலை கட்டறாங்க. நல்ல இடம் ஒருத்தனுக்கே போயிடக் கூடாதுங்கிறதுதான் கணக்கு. எங்க டீம்ல லீவு ஷெட்யூல் போடறதுக்குக் கூட இவ்வளவு நியாயம் கிடையாது :-) இதுவும் பழவேற்காட்டு சரித்திரம்தானே? டச்சுக்காரன் 1690ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்தினான், 1825ல் ஊர் வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு, கோட்டை இப்ப முள்ளுக்காடு. வலை கட்டறவங்க அங்கேயேதான் இருக்காங்க. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு பெரிசாக்கற திட்டம் வந்தப்ப எதிர்த்து நின்னதும் இந்த மீனவங்கதான். அது எந்தப் பயணப் பதிவுலயும் வரலை, இறால் வறுவல் மட்டும் வந்துச்சு.

டிஸ்கி: ஆன்சைட்ல நெதர்லாந்து போயிருக்கிற மக்களே, டச்சுக் கம்பெனி காகிதமெல்லாம் ஹேக் நகரத்துல தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. துலிப் தோட்டத்து போட்டோ போடற கேப்ல யாராவது ஒரு நாள் அங்கே போய், பழவேற்காட்டு அடிமைக் கணக்குல ஒரு பக்கமாவது பார்த்து எழுத முடியுமா? டச்சு தெரிஞ்சவங்களுக்கு முன்னுரிமை. சரவணபவன் சாப்பாடு என் செலவு.