தழும்பைப் பார்த்துத் தீர்மானிப்பதா?

'துளை சிறிது, ஆகவே முள்ளந்தண்டுக்குச் சேதமில்லை, கமக்காரர் உடனே தோட்டத்துக்குத் திரும்பலாம்' என்ற வாதம் தோலையும் முள்ளென்புகளுக்கிடையிலுள்ள வட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. வட்டின் பிதுங்கிய பகுதியை அகற்றும் நுண்துளைச் சத்திரசிகிச்சை முதுகுத் தசைகளைக் காக்கிறது; அது மறுக்கமுடியாத நன்மை. ஆனால் வட்டின் வெளிவளையத்தில் ஏற்பட்ட திறப்பு எஞ்சுகிறது, உட்கருவும் குறைகிறது. வட்டின் உயரம் தாழ்ந்தால் முள்ளந்தண்டின் பின்மூட்டுகள் கூடுதல் சுமையை ஏற்கின்றன. 2014இன் கொக்ரேன் மீளாய்வும் திறந்த முறையைவிட நுண்துளை முறை மேலென்று காட்டவில்லை.

வலிதான் தீர்ந்துவிட்டதே என்பார்கள். தீர்ந்தது நரம்பழுத்தத்தால் வந்த கால்வலி. வலிகாமத்துச் செம்மண்ணில் நாள்முழுக்கக் குனிந்து வெங்காயம் நடுபவரின் கீழ்முதுகுக்குச் சுமை குறையவில்லையே! குனிந்து தூக்கும்போது வட்டினுள் அழுத்தம் பெரிதும் உயர்வதைச் சுவீடனின் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் நாகெம்சன் அளந்தே காட்டினார். வேலைக்குத் திரும்பும் நாளை நோயாளியின் தொழிலைக் கேட்டே குறிக்கவேண்டும்.