சிப்பியைத் திறக்காமல் ஏலம் எடுப்பவர்கள்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினான். கணினி விளையாட்டுகளுக்காக அவன் சேர்த்துக் கட்டவிருக்கும் கணினியின் உதிரிபாகப் பட்டியல். மொத்தம் 60,000 ரூபாய். அதில் வரைகலை அட்டைக்கு மட்டும் 35,000. கடைசி வரியில் ‘கேபினெட், பவர் சப்ளையோடு – 2,500’ என்றிருந்தது. திரை என்ற சொல்லே பட்டியலில் இல்லை. வீட்டில் பத்து வருடமாக இருக்கும் பழைய மானிட்டரே போதுமாம்.

“மாமா, கார்டு நல்லாருந்தா போதும். மத்ததெல்லாம் ஒப்பேத்திரலாம்லா?” என்றான்.

அவனுடைய தகப்பனார் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகளில் வேலை நின்றுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் 60,000 ரூபாய் சேர்வதற்கு இரண்டு வருடங்கள் ஆகியிருக்கின்றன. அந்த இரண்டு வருடங்களும் மின்சாரத்தின் ஒரே ஏற்ற இறக்கத்தில் புகைந்துபோகக்கூடிய ஒரு பட்டியல் என் கையில் இருந்தது.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கையில் 2,000 ரூபாயை வைத்துக்கொண்டு புத்தகக் கண்காட்சியில் எதை எடுப்பது, எதை அடுத்த வருடத்துக்கு விடுவது என்று திணறியவர்கள்தானே நாம் எல்லோரும்? ஆசை பெரிதாகவும் பை சிறிதாகவும் இருக்கும்போது மனிதன் எப்படித் தேர்கிறான் என்பது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. என் கட்சி இதுதான்: குறைந்த பணத்தில் கணினி கட்டுகிறவன், கணக்கை வாங்கும் நாளோடு முடித்துவிடக் கூடாது. எத்தனை வருடம் ஓடும், பழுதானால் யார் பொறுப்பு, பிற்பாடு எதை மாற்றிக்கொள்ளலாம் என்பது வரை அது நீள வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும்.

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாகக் கூறிட்டு ஏலத்தில் விற்றார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது எடுத்தவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. 1961-இல் நடந்ததே இங்கு கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. ஆனால் திறக்காத சிப்பியை ஏலம் எடுக்கும் பழக்கம் நம்மிடம் போகவில்லை என்பதை என் மருமகனின் பட்டியலைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குவதும் அந்த ஏலந்தான். என்விடியாவின் ஜிடி 730 என்ற வரைகலை அட்டை 2014-இல் வந்தது. அதிலும் 4 ஜிபி நினைவகத்தோடு பெட்டிகள் உண்டு. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-லும் அதே 4 ஜிபி. எண் ஒன்றுதான். ஆனால் முன்னதில் பெரும்பாலும் பழைய வகை டிடிஆர்3 நினைவகம். தரவு போய்வரும் வேகம் பின்னதைவிடப் பல மடங்கு குறைவு. விளையாட்டு தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். முத்து வியாபாரிகள் 20 முதல் 1000 வரை எண்ணிட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலித்துத் தரம் பிரித்தார்கள். சல்லடை அளவை மட்டும்தான் சொல்லும். ஒளியையும் உருட்சியையும் நிறத்தையும் பார்க்க வெளிச்சமும் பழகிய கண்ணும் வேண்டும். பெட்டி மேலுள்ள ஜிபி கணக்கும் ஒரு சல்லடைதான்.

ஆகவே பட்டியலைத் தலைகீழாகப் போடச் சொன்னேன். முதலில் திரை. அவன் வீட்டு மானிட்டர் 1366-க்கு 768 புள்ளிகள் கொண்டது. ஏறத்தாழ பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே என்றால் 82,94,400. வரைகலை அட்டையின் வேலை இந்தப் புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டுவது. அதுவும் வினாடிக்கு அறுபது முறையோ நூற்று நாற்பத்து நான்கு முறையோ. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லி வினாடி அவகாசம். 144 ஹெர்ட்ஸ் என்றால் 7 மில்லி வினாடிகூட இல்லை. பத்து லட்சம் புள்ளிகளும் 60 ஹெர்ட்ஸும் உள்ள திரைக்கு முன்னால் 35,000 ரூபாய் அட்டையை வைப்பது, ஓட்டை வாளியோடு ஆழக்கிணற்றுக்குப் போவதுபோல. ஃபுல் எச்டி திரை, பிறகு அதற்கு ஏற்ற அட்டை என்று போனால் செலவு தானாகவே ஒரு வரம்புக்குள் வரும். அந்த அளவுக்கு 8 ஜிபி கொண்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6600 போன்ற அட்டை இன்றும் பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தாங்கும். புதிய பெரிய விளையாட்டுகள் 8 ஜிபியைத் திணறடிக்கத் தொடங்கிவிட்டன என்பதும் உண்மை. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 12 ஜிபி கொண்ட இன்டெல் ஆர்க் பி580 போன்றவற்றைப் பார்க்கலாம். ஆனால் அதைப் பழைய, வலுக் குறைந்த செயலியோடு சேர்த்தால் பலன் குறையும்.

செயலியைப் பொறுத்தவரை, ஆறு கருக்கள் கொண்ட நடுத்தரச் செயலிக்கு மேல் குறைந்த பணக்காரன் போக வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், அது உட்காரும் மதர்போர்டுக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வி. ஏஎம்டியின் ஏஎம்4 பழைய அமைப்பு, மலிவு, நம்பகம். ஆனால் அதற்கு மேல் ஏறப் படிகள் அதிகம் இல்லை. 2022-இல் வந்த ஏஎம்5 விலை கூடியது. 2027-க்கும் அப்பால் அதற்கு ஆதரவு உண்டு என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. எதை எடுத்தாலும், மூன்று வருடம் கழித்துச் செயலியை மட்டும் மாற்றப்போகிறோமா, எல்லாவற்றையும் மாற்றப்போகிறோமா என்று இன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும்.

இனி அந்த 2,500 ரூபாய் வரிக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் நானும் கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளையை நம்பியவன். ஒரு மே மாத மதியத்தில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. ‘டப்’ என்றொரு ஓசை. பவர் சப்ளை தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும் வன்தட்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. வன்தட்டில் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு நாவலின் பாதி இருந்தது. (தமிழ் இலக்கியத்துக்கு அதனால் நட்டமில்லை என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு.) மற்றெந்தப் பாகம் கெட்டாலும் பெரும்பாலும் அது மட்டும் கெடும். மட்டமான பவர் சப்ளை கெட்டால் மற்றவற்றையும் பலிகொள்ளக்கூடும். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட்தான். செயலியையும் சேர்த்துக்கொண்டாலும் நல்ல தரத்தில் 550 வாட் பவர் சப்ளை தாராளம். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்றில்லை. ஐந்து வருட உத்தரவாதம் தருகிற நிறுவனம், தன் பொருளைத் தானே நம்புகிறது என்றாவது கொள்ளலாம். யுபிஎஸ் வாங்குகிறவர்கள் பெட்டியில் உள்ள விஏ கணக்கை வாட் என்று எண்ணி ஏமாற வேண்டாம். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

அடுத்தது நம் ஊர்க்காற்று. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் எந்தக் கணினி ஆலோசனையிலும் நான் இதைப் பார்த்ததில்லை. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. அந்த உப்பில் கொஞ்சம் எப்போதும் காற்றிலும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். கூடவே துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் வந்திறங்கும் நிலக்கரியின் தூசு. எனவே பக்கவாட்டுக் கண்ணாடிக்கும் வண்ண விளக்கு எரியும் விசிறிகளுக்கும் போகிற காசைக் காற்று நுழையும் வாயில்களில் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி உள்ள கேபினெட்டில் போடுவது புத்தி. கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் அணைத்தும் போட வேண்டாம். ஓடுகிற இயந்திரத்தின் சூடே அதை உலர வைக்கும். இன்னொன்று, தரையில் வைக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறந்துவிடவில்லை. அன்றைக்கு மேசையின் உயரம்தான் பல வீடுகளில் எது பிழைத்தது என்பதைத் தீர்மானித்தது.

பழைய அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை இரவும் பகலும் அந்நாணயத்துக்காக உழைத்த வரைகலை அட்டைகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. இன்றும் பழைய அட்டை வாங்குவது திறக்காத சிப்பிதான். முழுக்கத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணி நேரம் கண்முன்னே விளையாட்டை ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்கக் கூடாது. புதிதாக வாங்கும்போது பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று சில கடைகளில் ஆசை காட்டுவார்கள். உதிரிபாகங்களுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்பதால் அந்த ஆசை பெரிதாகத்தான் தெரியும். பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் கோருவது கடினம் என்பதை அன்று யாரும் சொல்வதில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினால் விலை நமக்கு வாகாக இருக்கலாம். முத்துநகர் விரைவு வண்டியில் ஒரு இரவுப் பயணம். ஆனால் பழுதான பாகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் அதே பயணம் தானே? நம் ஊருக்கு அருகில் அந்நிறுவனத்தின் சேவை மையம் எங்கே என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுப்பது நல்லது.

2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலையும் ஏறிக்கொண்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு நினைவகம் செய்வதில் தயாரிப்பாளர்களுக்கு லாபம் அதிகம். மைக்ரான் நிறுவனம் பல வருடங்களாக நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ‘குருஷியல்’ வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ எழும் தரவு மையத்துக்கும் உப்பளக் கணக்கரின் மகனுக்கும் நடுவே ஒரு ரேம் துண்டுக்குப் போட்டி. போட்டியில் யார் ஜெயிப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும் என்ற பிடிவாதமே முதல் எதிரி. ரைசன் 5 5600ஜி போல வரைகலை உள்ளடங்கிய செயலியோடு தொடங்கி, ரேமை ஒரே துண்டாக இல்லாமல் இரண்டாகப் போட்டு, எளிய விளையாட்டுகளை ஆடியபடி அட்டைக்குச் சேமிக்கலாம். அட்டை வந்த பிறகு ஜி இல்லாத 5600-ஐவிட அது சற்றுப் பின்தங்கும். 5600-இல் எல்3 தற்காலிக நினைவகம் 32 எம்பி, இதில் 16 எம்பி. அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வதில் தவறில்லை.

இவ்வளவு தலைவலி எதற்கு, ஒரு மடிக்கணினியை வாங்கிப் போடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டே வீண், அதற்குச் செலவு வேறா என்பவர்களும் உண்டு. பல மடிக்கணினிகளில் வரைகலைச் சில்லு பலகையோடு பற்றவைத்தே வருகிறது. மூன்று வருடத்தில் அது போதாமல் போனால் முழு இயந்திரத்தையும் மாற்ற வேண்டும். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் வாதம் ஏதுமில்லை. பதினைந்து வயதில் நான் நாவல் வாசித்ததையும் வீட்டில் வீண் என்றுதான் சொன்னார்கள். ஒரு பையன் இரண்டு வருடம் சேமித்து, பத்துப் பாகங்களின் குணமறிந்து, ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து, வேண்டாததை வேண்டாமென்று விடப் பழகுகிறான் என்றால் அதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருமகன் பட்டியலை மூன்று முறை மாற்றி எழுதினான். கடைசிப் பட்டியலில் வரைகலை அட்டைக்கு எதிரே ‘பிறகு’ என்று மட்டும் இருந்தது. பவர் சப்ளையின் விலையைப் பார்த்துவிட்டு அவன் தகப்பனார், “இதுல படம் எதுவும் தெரியாதே, எதுக்குப்பா இவ்வளவு?” என்று கேட்டார். மின்சாரத்தில் ஏற்றம் வந்தால் அது தான் செத்து மற்றவற்றைக் காப்பாற்றும் என்று பையன் விளக்கினான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பாத்திக்கு வரப்பு கட்டாமல் யாரும் உப்பு விளைவிக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பணத்தை எண்ண ஆரம்பித்தார்.